நெய்யில் கரைவது

நீ வர வேணாம் என்று அம்மா சொன்னதுதான் தையல்நாயகியை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தது. வா என்று சொல்லியிருந்தால் ஆய்வகத்தைப் பூட்டி, விடுதிக்குப் போய் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்பியிருப்பாள். போனில் முதலில் பேசியது அண்ணன் ஞானவேல். “கனிஷ்காவுக்கு மொகத்துல கொப்புளம் கெளம்பியிருக்கு தையலு. நேத்து மத்தியானத்துலேருந்து ஒரே அழுவ. வாயத் தொறக்க மாட்டேங்குது” என்றான் மகளைப் பற்றி. எங்கே, எத்தனை, எப்போதிலிருந்து என்று அவள் கேட்பதற்குள் போன் கைமாறுகிற சரசரப்பு கேட்டது. பிறகு அம்மாவின் மூச்சு. “அம்மை போட்டிருக்கு. வேப்பில சொருவியாச்சு. வெளியூர்லேருந்து யாரும் வரக்கூடாது. நீ வர வேணாம், வேலையப் பாரு.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அம்மா ஒருநாளும் போனை முதலில் வைப்பவள் இல்லை. சாப்பிட்டியா, என்னா கொழம்பு, தல வலி எப்படி இருக்கு, சரி வெச்சிடட்டுமா, வெச்சிடு, நீ வெய்யி என்று அது ஒரு பாட்டாக நீளும். இன்றைக்கு அந்தப் பாட்டு இல்லை. கடலூர் பஸ் நிலையத்தில் வெயில் தகரக்கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோர சீட்டின் ரெக்சின் தொடையைச் சுட்டது. தையல்நாயகி கைப்பையை மடியில் வைத்து அதன் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், உள்ளே ஏதோ உயிருள்ளது இருப்பதுபோல. அம்மை என்றால் அம்மைதான், அம்மாவுக்குத் தெரியாதா, எத்தனை அம்மை பார்த்தவள். அம்மாவுக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் நினைப்பு போய் இடித்துக்கொண்டு நின்றது. அம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பஸ் நகர்ந்தது. நகர்ந்தால் கொஞ்சம் காற்று வரும், காற்று வந்தால் கொஞ்சம் ஒழுங்காக யோசிக்கலாம் என்று எண்ணியிருந்தாள். காற்று வந்தது, யோசனை ஒழுங்காகவில்லை. அண்ணன் முகத்தில் என்றுதான் சொன்னான். முகத்தில் என்றால் நெற்றியிலா, கன்னத்திலா, வாயைச் சுற்றியா. வாயைத் திறக்க மாட்டேங்குது என்றானே, அம்மை வாய்க்குள்ளும் வரும், நாக்கில்கூட வரும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள், யார் சொன்னது, எப்போது, அது நிஜமாகச் சொல்லப்பட்டதா அல்லது இப்போது இந்த பஸ்ஸில் அவளே தனக்காகச் செய்துகொண்டதா. போனை எடுத்துத் தேடிப் பார்க்கலாம். பைக்குள் போகக் கை மறுத்தது. காதுகுத்து நடந்தது முந்தாநாள். நேற்றுக் காலை எதுவும் இல்லை, இருந்திருந்தால் அண்ணி படம் அனுப்பியிருப்பாள், தோடு போட்ட படத்தைத்தான் அனுப்பினாள், அதில் குழந்தை சிரித்தது, உதட்டோரம் கொஞ்சம் சிவந்திருந்தமாதிரி இருந்தது, இல்லை அது லிப்ஸ்டிக், அண்ணி மிச்சமிருந்ததைப் பூசிவிட்டிருப்பாள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்ட உடனே ஒன்றும் செய்யாது. அதுதான் அதன் குணம். பட்டது தெரியாமல் ஒருநாள் கிடக்கும், பிறகு சிவக்கும், அரிக்கும், வீங்கும், கொப்புளமாகத் திரளும். முந்தாநாள், நேற்று, இன்று. அவள் விரலை மடக்கவில்லை, ஆனாலும் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டிருந்தன.

மண்ணில் மட்குகிற பிளாஸ்டிக்கில் கப்பு செய்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சோளமாவைப் புளிக்கவைத்து எடுக்கிற சரக்கு, மூட்டையில் வரும்போது ஜவ்வரிசிபோல வெள்ளை மணிகளாக இருக்கும், பார்க்க அத்தனை சாது. உருக்கி வார்த்தால் கண்ணாடிபோல மின்னும், விரலால் கொஞ்சம் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கும். அதனால் தனியாக அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, எதையாவது சேர்த்தாக வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதிலேயே வருஷங்கள் போயின. மரவள்ளி மாவைச் சேர்த்தாள், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு தொளதொளவென்று ஆனது. கிளிசரின் சேர்த்தாள், விளக்கெண்ணெய் சேர்த்தாள், விளக்கெண்ணெய் வாரம் போனதும் மேலே வந்து பிசுபிசுத்தது. ஒட்டாது, எதுவும் எதோடும் அத்தனை சுலபமாக ஒட்டாது, ஒட்டினமாதிரி இருக்கும், சூடு கண்டால் பிரியும். வழிகாட்டி சகாயமேரி மேடம்தான் ஒருநாள், “உங்க ஊர்ப் பக்கம் முந்திரித் தோல்லேருந்து எண்ணெய் எடுக்கறாங்களே, அதப் போட்டுப் பாரேன்” என்றார்கள். அந்த எண்ணெயைத் தையல்நாயகிக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அம்மா அஞ்சலாட்சி கொட்டை உடைக்கிற கொட்டகையில் இருந்து வரும்போது விரல்கள் கறுத்து, நுனித்தோல் சிம்பு சிம்பாக உரிந்திருக்கும், சாப்பாட்டைப் பிசையும்போது முகம் சுளிப்பாள். கைக்குச் சாம்பல் பூசித்தான் உடைப்பார்கள், சாம்பலையும் மீறி எண்ணெய் இறங்கும். ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் கட்டைவிரல் ஒருமுறைகூடப் பதிந்ததில்லை. அவளே ஒருதடவை, பள்ளிக்கூடம் போகிற வயசில், முழுக்கொட்டையைப் பல்லால் கடித்துவிட்டு உதடு வீங்கிப் படுத்திருக்கிறாள். இருந்தும் மேடத்திடம் சரி என்று சொன்னாள். அம்மாவின் விரலைத் தின்ற எண்ணெய் ஒரு நல்ல காரியத்துக்கு ஆகட்டுமே என்று தோன்றியது. சுத்திகரித்த எண்ணெய், காய்ச்சிக் காய்ச்சி எரிச்சலை எடுத்தது, கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள், அவளும் சோதித்தாள். முதல் கப்பை இரண்டாக மடித்தபோது அது உடையவில்லை. மடங்கி, கையை விட்டதும் நிதானமாக நிமிர்ந்தது. ஆய்வகத்தில் யாரும் இல்லாததால் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இப்போது அந்தக் கன்னம் அரித்தது. தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, வியர்வை.

நெல்லிக்குப்பத்தை நெருங்கும்போது கரும்புப்பாகின் வாடை பஸ்ஸுக்குள் வந்தது. அந்த வாடையோடு பாயசம் வந்தது. பந்தியில் கடைசியாகப் பாயசத்தை அவளுடைய கப்பில்தான் ஊற்றினார்கள். அண்ணன்தான் கேட்டான், உன் கப்பு உன் கப்புங்கறியே எடுத்தாயேன், நாலு பேர் பாக்கட்டும் என்று. அவளும் அதற்காகத்தான் காத்திருந்தவள்போல ஆய்வகத்தில் செய்துவைத்திருந்ததை எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். சோதிக்காமல் இல்லை. வெந்நீர் ஊற்றி வைத்துப் பார்த்திருக்கிறாள், புளித்தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்திருக்கிறாள், ஊற்றிய தண்ணீரை எடுத்து ஆராய்ந்தால் எண்ணெய் ஒரு துளிகூட இறங்கியிருக்கவில்லை. வெந்நீர் ஊற்றினாள், புளித்தண்ணீர் ஊற்றினாள், வெந்நீர் ஊற்றினாள். அண்ணி பாயசத்தை இறக்கும்போது முந்திரியை வறுத்துக் கொட்டினாள், கரண்டி கரண்டியாக நெய் மிதந்தது, வாசலில் நின்றவர்கள்கூட என்னா வாசன என்றார்கள். நெய். வெந்நீர் ஊற்றினாள், புளித்தண்ணீர் ஊற்றினாள். நெய் ஊற்றவில்லை. எண்ணெய் எப்படித் தண்ணீருக்கு வரும். தண்ணீர் கூப்பிட்டால் வராது. நெய் கூப்பிட்டால் வரும், கொதிக்கிற நெய் கூப்பிட்டால் கப்பின் சுவரை விட்டுக் கழன்று வரும். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். சுத்திகரித்ததிலும் கொஞ்சம் பழைய எரிச்சல் மிச்சமிருக்கும், அது சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. “நெய்யில வெச்சுப் பாக்கல” என்றாள்.

“என்னாம்மா?” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். காலடியில் கூடை, மடியில் கைக்குழந்தை. குழந்தை முன்சீட்டின் கம்பியை வாயில் வைத்து ஊறவைத்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்லக்கா.” கொஞ்சம் கழித்து, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க்கா, அம்மை போட்டா மொதல்ல எங்க வரும்?”

“எம் பெரிய பையனுக்கு முதுவுல வந்துது. வேர்க்குருன்னு பவுடரப் போட்டுட்டேன். அப்பறம் வயிறு, மாரு, கடைசியாத்தான் மொகம். ஏன், யாருக்கு?”

“எங்க அண்ணன் பொண்ணுக்கு.”

அந்தப் பெண் குழந்தையைக் கம்பியிலிருந்து பிரித்து இன்னொரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். புடவையை ஒதுக்கினாள். “ஆத்தா எறங்கியிருக்கா. கூழு ஊத்தறேன்னு வேண்டிக்க, குளுந்துடுவா” என்று சொல்லி முன்னால் திரும்பிக்கொண்டாள்.

அம்மையாக இருக்கட்டும் என்று தையல்நாயகி வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டிருப்பது என்னவென்று பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மூன்று வயசுக் குழந்தைக்கு உடம்பு முழுக்க முத்து முத்தாக எழும்பட்டும், காய்ச்சல் கொதிக்கட்டும், முகத்தில் தழும்பு விழட்டும், என்மேல் மட்டும் பழி வராமல் இருக்கட்டும். எப்படிப்பட்ட அத்தை இவள். ஆத்தா நான் அப்படிக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லிக்கொண்டாள், சொல்லும்போதே அடியில் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகில் வரட்டும், வயிற்றில் வரட்டும். கனிஷ்கா மட்டுமா, எத்தனை பேர் குடித்தார்கள். முதல் கப்பை அம்மாதான் வாங்கிக் குடித்தாள், அண்ணியின் அப்பா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். சகாயமேரி மேடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும், சோதனை முடியாத சரக்கை யாரைக் கேட்டு வெளியே கொண்டுபோனாய் என்பார்கள், கேட்க மாட்டார்கள், பார்ப்பார்கள், அது போதும். பஸ்ஸில் எதிர்வரிசையில் ஒருவர் மீசையைத் தடவினார், அவர் வாயோரத்தைச் சொறிகிறார் என்று ஒரு கணம் நினைத்துத் தூக்கிப்போட்டது அவளுக்கு. இவர் யாரோ, காதுகுத்துக்கு வந்தவர்கூட இல்லை. மற்றவர்கள் சட்டென்று குடித்து எறிந்துவிட்டார்கள், உதட்டில் பட்டது ஒரு நிமிஷம் இருக்குமா, அதற்கு ஒன்றும் ஆகாது. குழந்தை அப்படியில்லை. காது குத்தின வலியில் வீறிட்டு அழுததைப் பாயசம்தான் அடக்கியது. குடித்து முடித்தும் கப்பை விடவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து விளிம்பைக் கடித்துக் கடித்து மென்றுகொண்டிருந்தது. “கடிக்காதடி, துப்பு” என்று அண்ணி கையை ஓங்கினாள். தையல்நாயகி சிரித்தாள். நாலு பேர் கேட்கிறமாதிரித்தான் சொன்னாள். “கடிக்கட்டும் வுடுங்க அண்ணி. வயித்துக்குள்ள போனாலும் கரைஞ்சிடும்.” அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் கேட்டது. வேறு யாருடையதோபோல, வெட்கமில்லாமல், பெருமையாக. குழந்தை அந்தக் கப்பைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது. அதைப் படம் எடுத்ததே தையல்நாயகிதான்.

பண்ருட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினாள். முந்திரித் தோப்புகள் இரண்டு பக்கமும் வர ஆரம்பித்தன. தெருமுனையில் இறங்கி நடந்தாள். திரும்பிவிடலாம், அம்மாதான் வராதே என்றாளே, அம்மா சொல்லை ஒருநாளாவது கேட்கலாம். வீட்டு நிலைவாசலில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் உடம்பில் இருந்த இறுக்கமெல்லாம் ஒரேயடியாகக் கழன்றுவிட்டது. அம்மைதான். அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருப்பது தெரிந்து உதட்டைக் கடித்து நிறுத்தினாள். உள்ளேயிருந்து வந்த அம்மா அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “வராதன்னு சொன்னேனில்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குரலில் கோபம் இல்லாததுதான் தையல்நாயகியை மறுபடி பயமுறுத்தியது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் பழைய புடவையை விரித்து வேப்பிலை பரப்பி அதில் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணி சுகந்தி வேப்பங்கொத்தால் மெல்ல வீசிக்கொண்டிருந்தாள், தூங்காத கண்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குழந்தையின் உதடுகள் இரண்டும் தடித்து வெளியே மடங்கியிருந்தன. உதட்டைச் சுற்றியும் மோவாயிலும் நீர்க்கொப்புளங்கள், சில உடைந்து பிசின்போலக் காய்ந்திருந்தன. நெற்றியில் ஒன்றுகூட இல்லை. அதன் வலது கையைத் தையல்நாயகி மெதுவாக விரித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே, கப்பைப் பிடிக்கிற இடத்தில், வரிசையாக. இடது கை வெறுமையாக இருந்தது. கவுனைத் தூக்கினாள். வயிறு சுத்தமாக, வழவழவென்று இருந்தது. புரட்டினாள். முதுகிலும் ஒன்றுமில்லை. அப்போது அம்மாவின் கை வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. “தையலு, இங்க வா. தண்ணி சேந்தணும்.”

பின்கட்டில் அம்மா குரலை இறக்கிப் பேசினாள். பேசும்போது வீட்டுப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரியாதாடி அந்தக் கொப்புளம். நேத்து பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, ஒன் கப்பு பட்ட எடத்துலதான் வந்திருக்கு. வேப்பிலய ஒடிச்சு நாந்தான் சொருவினேன். அம்மைன்னுட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, யாரும் வந்து பாக்கவும் மாட்டாங்க. மிச்சமிருந்த கப்பெல்லாம் குழி தோண்டிப் பொதச்சிட்டேன். பத்து நாள்ல தானா உரிஞ்சு போயிடும். எங் கையில எத்தினி தடவ உரிஞ்சிருக்கு. தலைக்குத் தண்ணிய ஊத்திட்டா முடிஞ்சுது. நீ வாயத் தொறக்காத. ஒன் படிப்பு கெடக்கூடாது. ஒங்க அண்ணி சும்மா வுட மாட்டா.”

தையல்நாயகி கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சொல்வது எத்தனை நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் வேண்டிக்கொண்டதை ஆத்தா கேட்டாளோ இல்லையோ, அஞ்சலாட்சி கேட்டிருக்கிறாள். அம்மை என்று சொல்லியாகிவிட்டது, எல்லோரும் நம்பிவிட்டார்கள், அவள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை, சும்மா இருந்தால் போதும். கரைந்துவிடும். அந்தச் சொல் வந்ததும் உள்ளே என்னவோ பிடித்து நிறுத்தியது. கரைந்தது எங்கே போனது. குழந்தை விளிம்பைக் கடித்தது மட்டுமா, மென்றது, மென்றதை விழுங்கியிருக்கும். வெளியே உதட்டில் இருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். “தண்ணி குடிக்குதாம்மா?” என்று கேட்டாள்.

“எங்க. பால ஊட்டினாலும் துப்புது.”

“எச்சில் முழுங்குதா?”

“வழிய வழிய வுட்டுக்கினுதான் இருக்கு.”

“தொண்டைக்குள்ளயும் வீங்கியிருந்தா என்னாம்மா பண்றது?”

அம்மா தன் கையைப் பார்த்தாள். அந்த எண்ணெயை அவளுக்குக் கையில் தெரியும், விரலிடுக்கில் தெரியும், கால் நகத்தில்கூடத் தெரியும். தொண்டையில் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது என்பதைத் தையல்நாயகி அப்போதுதான் பார்த்தாள். அதைவிடப் பெரிய பயம் அன்றைக்கு முழுக்க அவளுக்கு வந்திருக்கவில்லை. அவள் கூடத்துக்குப் போனாள்.

“ண்ணா, வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

ஞானவேல் நிமிர்ந்தான். “அம்மை போட்ட புள்ளய வெளிய தூக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லுது.”

“இது அம்மை இல்லண்ணா. நான் குடுத்த கப்பு. அதுல முந்திரிக்கொட்ட எண்ணெ கலந்திருக்கு. நெய்யி பட்டு வெளிய வந்திருக்கு. புள்ள மென்னு முழுங்கியிருக்கு.”

வேப்பங்கொத்து நின்றது. அண்ணி தன்னைத் திட்டுவாள் என்று தையல்நாயகி காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும். சுகந்தி திட்டவில்லை. கொத்தைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் தலைமுடியில் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள், புடவையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டாள், செருப்பைத் தேடினாள். அண்ணன், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தான். அம்மா பின்கட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வண்டியில் அண்ணி பின்னால் உட்கார்ந்துகொண்டாள், மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தது, ஆனால் ஏறு என்று யாரும் சொல்லவில்லை. தையல்நாயகி தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவில் வழி முழுவதும், மூச்சு விடுதா, மூச்சு விடுதா என்று அவள் மனசு கேட்டுக்கொண்டே வந்தது. விடுகிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. முன்னால் போன வண்டி கண்ணிலிருந்து மறைந்தபோது, தானும் சேர்ந்து மூச்சை நிறுத்தியிருப்பதைக் கவனித்து இழுத்துவிட்டாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். குழந்தையின் வாயைத் திறக்கத்தான் பெரும்பாடாக இருந்தது. டார்ச்சை அடித்து நெடுநேரம் பார்த்தார். நாக்கிலும் மேலண்ணத்திலும் புண் இருப்பதாகவும், தொண்டையில் வீக்கம் இப்போதுதான் தொடங்கியிருப்பதாகவும், ஊசி போட்டு இரண்டு நாள் படுக்கையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். “பயப்படாதீங்க, சரியாயிடும். ஆனா இதுக்கு மேல லேட் பண்ணியிருக்கக்கூடாது.” சுகந்தி அப்போதுதான் அழுதாள். சத்தம் வரவில்லை. தையல்நாயகி கதவோரமாக நின்றிருந்தாள். உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று தெரியாத ஒரு இடம் அது.

“என்ன பட்டுச்சுன்னு தெரியுமா?” என்று டாக்டர் கேட்டார்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“முந்திரிக்கொட்டை எண்ணெய்” என்றாள் அவள். கதவை விட்டு உள்ளே வந்தாள். “ஒரு கப்புல கலந்திருந்தது. நான் செஞ்ச கப்பு.”

“வேற யாராச்சும் அதுல குடிச்சாங்களா?”

பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவள் நினைக்காமல் நினைத்துக்கொண்டிருந்த கேள்வி இது. குடித்தார்கள். ஒன்றும் ஆகியிருக்காது, ஆகியிருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும், இல்லை, தெரியாது, அவரவர் வீட்டில் வேப்பிலை செருகி உட்கார்ந்திருப்பார்கள். பந்தி கண்முன்னால் வந்தது, வாழையிலைகள், பாயசம் ஊற்றிக்கொண்டு போகிற கை, ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் ஒரு முகம். அவள் டாக்டரின் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“நிறைய பேரு. ஒவ்வொருத்தரா சொல்றேன், எழுதிக்குங்க” என்றாள். “மொதல்ல எங்க அம்மா.”